நான் சொல்லாமல் போட்ட ஒரு கரண்டி ரோஸ்

அக்கா,

இன்று காலை என் வீட்டுக்காரி புதிய மிளகாய்த்தூள் பக்கெட் ஒன்றைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். தும்மல் வருவதற்கு முன்பே என் கை போய் அந்தப் பக்கெட்டை வாங்கி, லேபலை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தது. சரித்துப் பார்த்தேன். நேராக்கிப் பார்த்தேன். நிறம் சரியாக இருந்தது. அப்புறம்தான் தும்மினேன்.

"தூள் எப்படி இருக்குன்னு மோந்து பாக்குற ஆளுங்கள கண்டிருக்கேன். ஒட்டுன காகிதத்த மோந்து பாக்குற ஆள இந்த வீட்லதான் காணுறேன்" என்றாள் அவள்.

"இதுல எவ்வளவு வேல இருக்கு தெரியுமா?" என்றேன்.

"தெரியும். அந்த அக்கா போனதுல இருந்து இத அம்பது தடவ சொல்லிட்டீங்க. அவங்களுக்கே எழுதிப் போடுங்க" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. கொச்சிக்காய்த்தூள் நெடியில் அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் மடல் எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை. உங்களைச் சிரிக்க வைப்பது எனக்கு ஒருநாளும் கஷ்டமாக இருந்ததில்லை. சிரித்ததை ஒத்துக்கொள்ள வைப்பதுதான் கஷ்டம்.

நீங்கள் நம் லேபல் அச்சகத்துக்கு வந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூக்குக் கண்ணாடி, தோளில் ஒரு கறுப்புப் பை, கையில் சாப்பாட்டுப் பெட்டி. யாழ்ப்பாணத்திலிருந்து கணினி வேலைக்கு ஒரு அம்மா வருகிறார் என்று முதலாளி சொல்லியிருந்தார். என்னைவிட இரண்டு வயதுதான் மூப்பு என்று பிறகு தெரிந்தது. ஆனால் நீங்கள் நடந்து வந்த நடையைப் பார்த்ததுமே எல்லாரும் அக்கா ஆக்கிவிட்டோம். நான் மை அறையில் வாளியைக் கிண்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று, "இதுதான் மை கலக்கிற இடமோ?" என்று கேட்டீர்கள்.

"இல்லீங்க அக்கா. இங்க ரசம் வைக்கிறோம். இருந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

நீங்கள் வாளிக்குள் எட்டிப் பார்த்தீர்கள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "புளி காணாது" என்று சொல்லிவிட்டு உங்கள் மேசைக்குப் போய்விட்டீர்கள். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த இடத்தில் இனி நான் ஒருவன் மட்டும் நக்கல் அடித்துக்கொண்டிருக்க முடியாது என்று.

அப்போது நம் வேலை எப்படி நடந்தது? ஒவ்வொரு லேபலுக்கும் அதற்கென்று ஒரு தனி நிறம். தேயிலைக்காரருக்கு ஒரு பச்சை, ஊதுபத்திக்காரருக்கு ஒரு கத்தரிப்பூ நிறம், மிளகாய்த்தூள் அடைத்து விற்கும் கலகெதர ஊர் நானாவுக்கு ஒரு சிவப்பு. நிறப் புத்தகத்தில் நம்பரைப் பார்த்து நான் வாளியில் கலப்பேன். ஒரு லேபல் ஓடி முடிந்ததும் மெஷினைக் கழுவி அடுத்த வாளியை ஊற்றுவேன். இதை நீங்கள் ஒரு கிழமை கதிரையில் உட்கார்ந்து பார்த்தீர்கள். பிறகு ஒரு நாள் தேநீர் நேரத்தில், எல்லார் முன்னாலும் கேட்டீர்கள்: "தம்பி, நீர் இஞ்ச அச்சடிக்கிறீரோ, இல்லாட்டி மெஷின் குளிப்பாட்டுறீரோ?"

நான் எழும்பிப் போய்த் தேநீர்க் கோப்பையைக் கழுவினேன்.

அப்போதுதான் ஏழு நிறக் கதையைக் கொண்டுவந்தீர்கள். நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு என்ற வழக்கமான நாலோடு செம்மஞ்சள், பச்சை, ஊதா மூன்றையும் சேர்த்து ஏழு மை. இந்த ஏழும் மெஷினில் நிரந்தரமாக இருக்கும். யாருடைய தனி நிறம் என்றாலும் இந்த ஏழிலிருந்தும் புள்ளி புள்ளியாக விழுந்து கண்ணில் ஒன்றாகிவிடும். வாளியும் இல்லை, கழுவலும் இல்லை. நான் நம்பவில்லை. நீங்கள் சின்னச் சின்னக் கட்டங்களாக ஒரு பெரிய தாளை நம் மெஷினிலேயே அடிக்க வைத்தீர்கள். குட்டி இஸ்திரிப்பெட்டி மாதிரி இருந்த அந்த அளக்கும் கருவியை வரிசை வரிசையாக அதன் மேல் இழுத்தீர்கள். இரண்டு நாள் இழுத்தீர்கள். "இந்த மெஷினில, இந்தத் தாளில, இந்த ஏழு மையும் சேர்ந்தால் என்ன நிறம் வரும் எண்டு இப்ப கணினிக்குத் தெரியும். இதுக்குப் பேர்தான் புரொஃபைல்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவரின் தனி நிறத்தையும் அந்த மென்பொருளின் பட்டியலில் ஏற்றினீர்கள். இந்த நிறம் ஏழு மைக்குள் எட்டுமா, எட்டாவிட்டால் எவ்வளவு தள்ளி நிற்கும் என்று அது ஒரு எண் காட்டும். இரண்டுக்குக் கீழே என்றால் கண்ணுக்குத் தெரியாது. மேலே போனால் வாடிக்கையாளரிடம் முதலே சொல்ல வேண்டும். "வராத நிறத்தை வராது எண்டு புரூஃபிலேயே எழுதிப்போட வேணும். அச்சடிச்ச பிறகு சொன்னால் அதுக்குப் பேர் வேற." இது உங்கள் வாக்கு. புரூஃப் என்பது மெஷினில் ஏற்றுவதற்கு முன்னாலேயே, மெஷினில் வரப்போவதை அப்படியே காட்டும் ஒரு தாள். நான் உங்களை ஜோசியக்காரி என்று கூப்பிடத் தொடங்கியது அதனால்தான். நீங்கள் கோபப்படவில்லை. "கையைக் காட்டும், உமக்கும் பார்த்துச் சொல்லுறன். மை பிரளாத கை எது?" என்றீர்கள்.

முதலாளி மட்டும் சிரிக்காமல் சொன்னார்: "மூணு மாசம் பாப்போம். சரிவரலைன்னா பழையபடி வாளி. இந்தச் சாமானெல்லாம் வந்த வழியே திரும்பிப் போகும்." சாமானோடு நீங்களும் போவீர்கள் என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. எல்லாருக்கும் அது கேட்டது.

ஏழு நிறத்தில் முதலில் ஓடிய தாளிலேயே கலகெதர நானாவின் லேபலும் இருந்தது. இங்கேதான் என் வேலை வருகிறது.

நானாவின் ஓடர் தாளில் நிறப் புத்தகத்து நம்பர் ஒன்று இருந்தது. அந்த நம்பரில்தான் எட்டு வருஷமாக அடிக்கிறோம் என்று அவரும் நினைத்தார், முதலாளியும் நினைத்தார். நான் மட்டும் அடித்ததில்லை. முதல் தடவை கலக்கிய அன்றே அந்த லேபலை மிளகாய்த்தூள் பையின் மேல் வைத்துப் பார்த்தேன். புத்தகத்து நிறம் பளிச்சென்று நின்றது. தூள்தான் பக்கத்தில் செத்துப்போன மாதிரித் தெரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கரண்டி ரோஸ் போட்டேன், நகக்கண் அளவு கறுப்பு போட்டேன். தூளுக்கு உயிர் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நானா ஒன்றும் கேட்கவில்லை, பக்கெட் நன்றாகப் போனது, நானும் ஒவ்வொரு தடவையும் அதே கரண்டியைப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

நீங்கள் அந்த நம்பரை நம்பினீர்கள். நம்பாமல் என்ன செய்வது? தாளில் எழுதியிருந்தது அதுதானே. புரூஃப் அடித்தீர்கள். நானா வந்தார். பகல் வெளிச்சம் தரும் விளக்குப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினீர்கள். "அழகா ஈக்கி தங்கச்சி" என்று சொல்லி, ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நான் இரண்டு அடி தள்ளி நின்றேன். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, என் ரோஸ் அதில் இல்லை.

வாயைத் திறக்கவில்லை. சிரித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன், நீங்கள் கண்டதுதானே.

மெஷினில் ஓடும்போது வழக்கம்போல ஒரு கரண்டியைப் போட்டுச் சரி பண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் காலை மெஷின் சுற்றத் தொடங்கியது. நான் கரண்டியோடு போய் நின்றேன். அப்போதுதான் உறைத்தது: போடுவதற்கு வாளி எங்கே? நானாவின் சிவப்பு என்று மெஷினில் தனியாக ஒன்றும் இல்லை. ரோஸ் தொட்டியில் கரண்டியைக் கவிழ்த்தால் என்ன மாறும்? ரோஸ் ரோஸாகவே இருக்கும். ரோஸின் அழுத்தத்தைக் கூட்டினால், அதே தாளில் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்த ஊதுபத்திப் பூவும் தேயிலைக்காரரின் யானையும் சேர்ந்து சிவந்துவிடும். மை கலக்கிய காலம் முழுக்க எனக்கு ஒரு கரண்டி இடம் இருந்தது. அன்று இல்லை. நீங்கள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தீர்கள். எழுந்து வந்து சொல்லியிருக்கலாம், மெஷினை நிறுத்தியிருக்கலாம். அதைச் சொன்னால் எட்டு வருஷக் கதையையும் சொல்ல வேண்டுமே. கரண்டியைக் கழுவி வைத்தேன். லேபல் முழுவதும் உங்கள் புரூஃபில் இருந்த மாதிரியே, ஒரு மயிர் பிசகாமல் ஓடியது.

இரண்டு கிழமையில் நானா வந்தார். இந்த முறை போனை எடுக்கவே இல்லை. ஒரு அட்டைப் பெட்டி நிறையப் பக்கெட்டைக் கொண்டுவந்து முதலாளியின் மேசையில் வைத்தார். கதவு திறந்திருந்ததால் மெஷின் பக்கம் இருந்த எங்களுக்கெல்லாம் கேட்டது.

"முதலாளி, என்ட பக்கெட்ட என்ட கடக்காரனே டூப்ளிகேட்டுன்னு செல்றான்! நான் என்ன செய்ய? வாசிக்கத் தெரியாத பொம்பளையள்தான் முக்காவாசி வாங்குற. அவங்க பேரப் பாக்கிறல்ல, நிறத்தப் பாக்கிற. கையில எடுத்து 'மேக வெனெ எகக்'னு சிங்களத்துல சென்னாங்க, இது வேற ஒண்டுன்னு வெச்சிட்டுப் போயிட்டாங்க. நோம்பு வருது. நோம்புக்கு ஓடுற சாமான் கடையில தூங்குது!"

உங்களைக் கூப்பிட்டார்கள். நீங்கள் நிறப் புத்தகத்தையும் அந்த இஸ்திரிப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனீர்கள். புத்தகத்தை அளந்தீர்கள், லேபலை அளந்தீர்கள். "ஒண்டுக்கும் குறைவான வித்தியாசம். பிழை எங்க எண்டு எனக்கு விளங்கேல்லை ஐயா" என்றீர்கள்.

"நம்பர் சரிதாம்மா. ஆள் வாங்கலியே" என்றார் முதலாளி. பிறகு கொஞ்சம் குரலைக் குறைத்து, "இந்த ஏழு கலர் வேல நமக்கு ஒத்துவராது போல. மாசக் கடைசியோட நிறுத்திடுவோம். நீங்களும்…" என்று இழுத்தார்.

லேபலை இன்னொரு தடவை அளந்தீர்கள். தன் பிழை எங்கே என்று தேடுகிற ஒரு ஆளை அப்படிப் பின்பக்கமாகப் பார்ப்பது மாதிரி ஒரு கொடுமை கிடையாது அக்கா, அதுவும் பிழை பார்க்கிறவனுடைய பையில் இருக்கும்போது. நான் கையைக்கூடத் துடைக்காமல் உள்ளே போனேன்.

"நான்தாங்க" என்றேன்.

"என்னடா நான்தாங்க?" என்றார் முதலாளி.

"ரோஸ்."

"என்ன ரோஸ்?"

"ஒரு கரண்டி ரோஸ், கொஞ்சூண்டு கறுப்பு. எட்டு வருஷமா நான் புத்தக நிறத்த அடிக்கவே இல்லீங்க. அக்கா அடிச்சதுதான் சரியான நம்பர். நான் அடிச்சதுதான் பிழ."

நானா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப எட்டு வருஷமா ஊரெல்லாம் என்ட நிறம்னு தெரிஞ்சுவெச்சீக்கிறது ஒன்ட கைப்பக்குவமா?"

"ஆமா நானா."

"ஏன்டா மாத்தின?"

"அந்த நிறத்துக்குப் பக்கத்துல ஒங்க தூள் செத்துப்போன மாதிரி இருந்திச்சு."

"பாத்தீங்களா முதலாளி! சாமானையும் கெடுத்துட்டு, என்ட தூள் செத்ததுன்னும் செல்றான்!" என்று கத்தினார். கத்திவிட்டு, பழைய பக்கெட் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "செத்துத்தான் ஈக்கி" என்றார்.

முதலாளி சிரிக்கவில்லை. மை அறையைப் பூட்டச் சொல்லி, திறப்பை என்னிடமிருந்து வாங்கித் தன் மேசை லாச்சிக்குள் போட்டார். ஒரு மாதம் அது அங்கேயே கிடந்தது. "இத சரி பண்ண முடியுமாம்மா?" என்று உங்களிடம் கேட்டார். "ஓம், ஏலும். பழைய லேபல் வேணும்" என்றீர்கள். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

வெளியே வந்து மெஷினுக்குப் பின்னால் நிறுத்தி வைத்துத்தான் கேட்டீர்கள்.

"நானா கையெழுத்து வைக்கேக்க நீர் அந்தப் புரூஃபைப் பார்த்தனீர். பார்த்தனீரோ இல்லையோ?"

"பாத்தேன்."

"சிரிச்சனீர்."

"சிரிச்சேன்."

"நான் விழவேணும் எண்டு நினைச்சனீரோ?"

"கொஞ்சம்" என்றேன்.

நீங்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். மறுபடி போட்டீர்கள். "கொஞ்சம் எண்டால் எத்தினை கரண்டி?" என்று கேட்டீர்கள்.

அன்றைக்கு என்னை நீங்கள் திட்டியிருந்தால் இன்றைக்கு மறந்திருப்பேன்.

என் அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில், ஒவ்வொரு தடவை அடித்த லேபலிலும் ஒரு துண்டு ஒட்டி வைத்திருப்பேன். அதைக் கதவோடு கழற்றிக்கொண்டு வரச் சொன்னீர்கள். எட்டு வருஷத்து நானா சிவப்பையும் ஒவ்வொன்றாக அளந்தீர்கள். "பழசு கொஞ்சம் வெளிறிப் போச்சு. மற்றதெல்லாம் கிட்டக்கிட்ட நிக்குது. உம்மட கை மோசமில்லை" என்றீர்கள். அந்த ஒரு வசனத்துக்காக நான் திறப்பு பறிபோனதையும் மறந்தேன். பிறகு புத்தக நம்பரைத் தூக்கிவிட்டு, அளந்த நிறத்தையே அசல் என்று பட்டியலில் ஏற்றினீர்கள். அதற்கு ஒரு பெயர் கேட்டது கணினி. "கரண்டிச் சிவப்பு" என்று தட்டினீர்கள்.

ஏழு மையில் அது எப்படி வரும் என்று பார்த்தோம். முதல் புரூஃபில் கறுப்புப் புள்ளிகள் மிளகு தூவின மாதிரித் தெரிந்தன. "கறுப்பை விடுவம். அந்த மங்கலுக்கு நீலத்தில துளி தருவம்" என்றீர்கள். சிவப்புக்குள் நீலமா என்று நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அடித்துக் காட்டினீர்கள். சிரிப்பு நின்றுவிட்டது. புள்ளியே தெரியவில்லை. என் சிவப்பு, எனக்கே தெரியாத வழியில் வந்து நின்றது.

இந்த முறை நானா தன் தூளையும் பையோடு கொண்டுவந்தார். விளக்குப் பெட்டியில் பார்த்தோம், வாசலுக்குக் கொண்டுபோய் மழை இருட்டிலும் பார்த்தோம். அவர் கையெழுத்து வைக்கப்போன நேரம் நீங்கள் பேனையைத் தடுத்தீர்கள். "பொறுங்கோ. முதல் தம்பி எழுதட்டும்."

"நான் என்னத்த எழுத?"

"உம்மட கண்ணுக்குத் தெரியிறதை எழுதும். எழுதிப்போட்டுப் பேரை வையும். அதுக்குப் பிறகுதான் ஆரும் கையெழுத்து வைக்கலாம். இனி எல்லாப் புரூஃபுக்கும் இதுதான் சட்டம்."

"எனக்குக் கையெழுத்தெல்லாம் வராதுங்க அக்கா. வெறும் பேரத்தான் எழுதுவேன்."

"பேர் போதும்."

"சரி" என்று ஒரு சொல்லும், அதன் கீழே என் பெயரும் எழுதினேன். சம்பளப் புத்தகத்தைத் தவிர வேறு எதிலும் நான் பெயர் எழுதியது அதுதான் முதல் தடவை. நானாவின் பக்கெட் நோம்புக்கு ஓடியது. ஒரு நாள் பின்னேரம் வாளி நிறையக் கஞ்சி அனுப்பியிருந்தார். மூன்று மாதக் கெடு முடிந்த நாளை முதலாளி மறந்துபோனார், நாமும் ஞாபகப்படுத்தவில்லை.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஒன்றாக வேலை செய்தோம். ஏழு மைக்கும் பொறுப்பு நான், பட்டியலுக்குப் பொறுப்பு நீங்கள். எத்தனை புரூஃபில் என் பெயர் இருக்கும் என்று எண்ணவில்லை. "மஞ்சள் கூட", "வெள்ளி வராது, சாம்பல்தான்", "யானைக்குக் கண் தெரியவில்லை" என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். சில வாடிக்கையாளர் முகம் சுளித்தார்கள், சிலர் புரூஃபைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பி வந்தார்கள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க எனக்கு இப்போது தெரியாது. வீட்டிலும் தெரியாது, அதனால் வீட்டுக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். நீங்கள் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது இதுதான்.

போன கிழமை உங்கள் தங்கச்சி வந்திருந்தார். அம்பிட்டியவில் நீங்கள் இருந்த அறையை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு நேராக இங்கே வந்தார். உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு நினைவு மலர் அடிக்கிறார்களாம். அட்டையில் ஒட்டுகிற படத்தை நாங்கள்தான் அடிக்க வேண்டும் என்று முதலாளி கேட்டு வாங்கியிருந்தார். படத்தைச் சுற்றி உங்கள் மயில்கழுத்துச் சேலையின் நிறத்தில் ஒரு கரை வேண்டும் என்றார் தங்கச்சி. சேலையையும் கொண்டுவந்திருந்தார்.

உங்கள் கதிரையில் இப்போது இருக்கிற மாத்தளைக்காரர் சேலையை அளந்தார். திருப்பி வைத்து அளந்தார். தலையைச் சொறிந்தார். "அண்ணே, ரெண்டு நம்பர் வருது. நேரா வெச்சா நீலம், திருப்பினா பச்ச. எத ஏத்த?"

"ஏதாவது ஒண்டைப் போடுங்கோ. ஆர் இதையெல்லாம் பார்க்கப்போகினம்" என்றார் தங்கச்சி. அழுது அழுது களைத்துப்போயிருந்தார், பாவம்.

நான் சேலையைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் போனேன். ஆயுத பூசைக்கு நீங்கள் அதைக் கட்டிக்கொண்டு வருவீர்கள். அன்றைக்கும் கணினியை விட்டு எழும்ப மாட்டீர்கள். நாங்கள் சுண்டல் கொண்டுவந்து கூப்பிட்டால், கண் திரையில் இருக்க, உடம்பு மட்டும் அரைவாசி எங்கள் பக்கம் திரும்பும். சேலையை அந்தச் சரிவில் பிடித்துப் பார்த்தேன்.

"பச்சைய ஏத்துங்க" என்றேன். "அக்கா எங்கள நேராப் பாத்தது குறைவு."

ஏற்றினார். எண் இரண்டைத் தாண்டி நின்றது. செம்மஞ்சளை எடுத்துவிட்டுப் பார்த்தோம், நீலத்தைக் கூட்டிப் பார்த்தோம். பட்டுக்கு இருக்கிற அந்த மினுக்கம் மையில் வரவில்லை, அதற்கு மேல் கிட்டப் போகவும் இல்லை. புரூஃப் அடித்தார். நன்றாகத்தான் இருந்தது. தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனையை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் அம்மா" என்று நான் வாங்கிக்கொண்டேன். கரைக்குப் பக்கத்தில் எழுதினேன்: "நீலம் வரவில்லை. பச்சை மட்டும்தான். அதுவும் கொஞ்சம் குறைவு." கீழே என் பெயரைப் போட்டேன்.

தங்கச்சி அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார்.